கெண்டையும் நகரமும்: ஹிரோஷிமா கார்ப் அணியின் சரித்திரமும் அடையாளமும்

தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்றின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவனுக்கு, ஆண்டுகளையும் வெற்றி தோல்விகளையும் வரிசைப்படுத்தத் தொடங்கும் முன்பே, சங்கடமான கேள்வி ஒன்று எதிர்ப்படுகிறது. ஆட்டக்காரர்கள் பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் மாறிவிடுகிறார்கள், முதலாளி மாறுகிறார், தொப்பியின் நிறம் மாறுகிறது, ஸ்டேடியம் இடிக்கப்பட்டு வேறோரிடத்தில் எழும்புகிறது, சில வேளைகளில் ஊரே மாறிவிடுகிறது. இவ்வளவும் மாறிய பிறகும் ஜனங்கள் 'நம்முடைய அணி' என்று சொல்லும்போது அந்தச் சொல் எந்தப் பொருளைச் சுட்டுகிறது? பெயரையா, இடத்தையா, உடைமையையா, அல்லது இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் வேறொன்றையா?

இக்கேள்வி வெறும் தர்க்க விநோதம் என்று எவரேனும் எண்ணினால், அவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி ஜனங்களைக் கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அங்கே ஆடிவந்ததும், 1947ல் ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி மேஜர் லீக்கின் நிறவேற்றுமைச் சுவரைத் தகர்த்ததும், பலமுறை இறுதித் தொடர் வரை சென்று தோற்று 1955ல்தான் முதன்முறையாக உலகத் தொடரை வென்றதுமான டாட்ஜர்ஸ் அணி, அந்த வெற்றிக்கு இரண்டே ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது. கம்பெனி அதே கம்பெனி, பெயர் அதே பெயர், ஆட்டக்காரர்களிலும் பெரும்பாலோர் அவர்களே. ஆயினும் புரூக்ளின் ஜனங்களுக்கு அது ஒரு மரணமாகவே தோன்றியது. ஜப்பானிலும் இத்தகைய உதாரணங்களுக்குக் குறைவில்லை. ஃபுகுவோகா நகரின் உயிர்மூச்சாயிருந்த லயன்ஸ் அணி கைமாறிக் கைமாறி 1979ல் டோக்கியோவுக்கு அருகிலுள்ள சைத்தாமாவுக்குப் போயிற்று. ஒசாகாவின் நங்காய் ஹாக்ஸ் அணி 1988ல் விற்கப்பட்டு, மறு ஆண்டு அதே ஃபுகுவோகாவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நகரம் இழந்ததை வேறொரு நகரத்தின் இழப்பினால் ஈடுசெய்துகொள்வது தொழில்முறை விளையாட்டின் நியதிகளில் ஒன்றுபோல் ஆகிவிட்டது.

இந்த நியதிக்கு இதுவரை உட்படாத அணி ஒன்று உண்டு. அது ஹிரோஷிமா நகரின் கார்ப் அணி. மேற்சொன்ன கேள்விக்கு விடை தேடுவதற்கு அதைவிடத் தக்க உதாரணம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. ஆகவே அதன் சரித்திரத்தைத் தொட்டுக்கொண்டு, அடையாளத்தின் ஒவ்வொரு கூறையும் வரிசையாக எடுத்துச் சோதித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் பெயரும்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி காலை அணுகுண்டு விழுந்த அந்நகரில், அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டவர்களின் தொகை ஏறத்தாழ 1,40,000 என்று கணிக்கப்படுகிறது. அந்தச் சாம்பலில் பேஸ்பால் புதிதாக முளைத்த பயிரன்று. ஹிரோஷிமா வாணிபப் பள்ளி மாணவர்கள் 1924, 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் கோஷியென் மைதானத்தில் அகில ஜப்பான் பட்டத்தை வென்றவர்கள். அந்த மாவட்டத்திலிருந்து ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கேயும் இந்த ஆட்டத்தைப் போற்றி வளர்த்தன. அமெரிக்க ஜப்பானியர் பேஸ்பாலின் தந்தை என்று போற்றப்படும் கெனிச்சி ஸெனிமுரா ஹிரோஷிமாவில் பிறந்தவரே. ஆகவே, 1949ன் இறுதியில் ஜப்பானிய லீக் இரண்டாகப் பிரிந்து புதிய அணிகளுக்கு இடம் உண்டானபோது, வீடு கட்டி முடியாத நகரம் அணி கட்டத் துணிந்ததில் ஆச்சரியப்படுவதற்கு அதிகமில்லை.

அணிக்குக் 'கார்ப்', அதாவது கெண்டை மீன், என்று பெயர் வைக்கலாம் என்றவர் ஸ்தாபகர்களில் ஒருவரான தனிகாவா நொபோரு. குண்டினால் தரைமட்டமான ஹிரோஷிமாக் கோட்டைக்குக் கெண்டைக் கோட்டை என்று ஒரு பழம்பெயர் உண்டு. நகரைப் பல கிளைகளாக ஊடறுத்து ஓடும் ஓத்தா ஆறும் கெண்டைக்குப் பேர்போனது. நீர்வீழ்ச்சியை எதிர்த்து ஏறும் கெண்டை கடைசியில் டிராகன் ஆகிவிடும் என்பது கீழ்த்திசை நாடுகளில் வழங்கும் ஐதீகம். ஆதலால் அப்பெயரில் இடிந்துபோன கோட்டையின் நினைவும், எஞ்சியிருந்த ஆற்றின் நிகழ்காலமும், எதிர்நீச்சலின் நம்பிக்கையும் ஒருங்கே அடங்கியிருந்தன. புலி, சிங்கம், கழுகு என்று பிற அணிகள் வேட்டையாடும் பிராணிகளைத் தேடிக்கொண்டிருக்கையில், இவர்கள் வேட்டையாடப்படும் பிராணியைத் தேர்ந்துகொண்டார்கள் என்பதும் நம் மனத்தைத் தொடுகிறது.

எனினும் பெயர் ஒன்றே அடையாளமாகிவிடாது. பெயர் எத்தனை அழகாயிருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்பதை டாட்ஜர்ஸ் காட்டியிருக்கிறது. அங்கே புரூக்ளின் வீதிகளில் டிராம் வண்டிகளுக்கு விலகி ஓடிய பாதசாரிகளைக் குறித்து எழுந்த பெயர், லாஸ் ஏஞ்சலஸில் அந்தப் பொருளையே இழந்து நிற்கிறது.

பீப்பாய்

ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலின் அமைப்பு நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அங்கே அணிகள் பெரும்பாலும் பத்திரிகை, ரயில்வே, உணவுத்தொழில் போன்ற பெருநிறுவனங்களின் கிளைகள். அணியின் பெயரில் ஊரின் பெயரைவிட நிறுவனத்தின் பெயரே முந்திக்கொண்டு நிற்கும். கார்ப் அணிக்கு அத்தகைய தாய் நிறுவனம் இல்லை. மாவட்ட நிர்வாகமும் ஊராட்சிகளும் உள்ளூர்ப் பிரமுகர்களும் ஆளுக்குக் கொஞ்சமாக முதல் போடுவதாக வாக்களித்தார்கள். ஆனால் நகரை மீண்டும் எழுப்ப வேண்டிய வேளையில் அந்த வாக்குறுதிப் பணம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 1950ஆம் ஆண்டின் முதற் பருவத்தில் 41 ஆட்டங்களில் வென்று 96 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்தில் நின்ற அந்த அணி, 1951ன் தொடக்கத்தில் சம்பளம் கொடுக்கவும் வழியின்றிக் கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. பக்கத்து மாவட்டத்து ஷிமோனோசெக்கியில் இருந்த தையோ அணியுடன் இணைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது மானேஜராயிருந்தவர் இஷிமோத்தோ ஷூயிச்சி. வாணிபப் பள்ளி மாணவர்களுக்குக் கோஷியென் பட்டங்களைத் தேடித்தந்தவரும், யுத்தத்துக்கு முன் ஒசாகா டைகர்ஸ் அணியை 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் ஜப்பான் முழுவதற்கும் முதல்வராக்கியவருமான அப்பெரியவர், தம் ஊர் அணிக்காகக் கையேந்தத் துணிந்தார். களத்தில் ஆட்டத்தை நடத்துவதுடன், ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசுவதும், தொழிற்சாலைகளிலும் கிராமங்களிலும் ஆதரவாளர் சங்கங்கள் அமைப்பதும் அவருடைய நித்திய கருமங்களாயின. ஸ்டேடிய வாசலில் சாக்கே மது அடைக்கும் பெரிய மரப்பீப்பாய் வைக்கப்பட்டது. உள்ளே போகிறவர்கள் இயன்ற சில்லறையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். ஜப்பானிய மொழியில் 'தாரு போக்கின்', அதாவது பீப்பாய் நிதி, என்று இன்றளவும் வழங்கும் சொல் இப்படிப் பிறந்தது.

இந்தச் சம்பவத்தைக் கண்ணீர் மல்கச் சொல்லிக் கடந்துபோவது எளிது; அதன் தன்மையை ஆராய்வதே நமக்குப் பயன். பீப்பாயில் காசு போட்டவன் பங்குதாரனாகவில்லை. அவனுக்குப் பத்திரம் கிடையாது, லாபத்தில் வீதம் கிடையாது, நிர்வாகத்தில் வாக்கும் கிடையாது. அவன் வீட்டுக்குக் கூரை முழுதாக வேய்ந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகமே. அவன் பெற்றுக்கொண்டது ஒரே ஒரு பாத்தியதைதான்: அந்த அணியை 'எங்களுடையது' என்று சொல்லும் பாத்தியதை. சட்டம் அறியாத இந்த உரிமை, சட்டம் எழுதிவைத்த உரிமைகளைவிட நீண்டகாலம் வாழ்ந்திருக்கிறது என்பதை மேலே வரும் சரித்திரம் காட்டும்.

1952ல் வேறொரு சோதனை வந்தது. நூற்றுக்கு முப்பது வீதத்துக்குக் குறைவாக வெல்லும் அணி லீக்கில் தொடர முடியாது என்று, கார்ப் ஆடிவந்த சென்ட்ரல் லீக்கில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அது எந்த அணியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதில் ஹிரோஷிமா ஜனங்களுக்குச் சந்தேகமிருக்கவில்லை. பருவம் முடிந்தபோது கார்ப்பின் வெற்றி வீதம் .316, எல்லைக்குக் கீழே விழுந்தது ஷோச்சிக்கு ராபின்ஸ். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் லீக் பட்டம் வென்றிருந்த அந்த அணி மறு ஆண்டு தையோவுடன் இணைக்கப்பட்டு மறைந்தது, கெண்டை பிழைத்தது. ராபின்ஸின் புகழ்பெற்ற மட்டையாளரும், 1950ல் 51 ஹோம் ரன்கள் அடித்தவருமான கோஸுரு மகோத்தோ 1953ல் கார்ப்புக்கு வந்து சேர்ந்ததற்கும் ரசிகர்களின் நன்கொடையே துணைநின்றது. அக்காலத்தின் பாரத்தைத் தோளில் சுமந்தவர் ஹசேகாவா ரியோஹேய் என்ற குள்ளமான பந்தெறிபவர்; தோற்கும் அணிக்காகவே எறிந்து எறிந்து, தம் வாழ்நாளில் 197 வெற்றிகளும் 208 தோல்விகளும் பெற்றார். வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரு கணக்கை ஒரு நகரம் பெருமையோடு சொல்லிக்கொள்வது அபூர்வம்.

1957 ஜூலையில், அணுகுண்டுக் கோபுரம் என்று உலகம் அறிந்த சிதைந்த கட்டடத்துக்கு எதிரே, டிராம் ஓடும் வீதிக்கு மறுபுறத்தில், உள்ளூர்த் தொழிலதிபர்களின் கொடையால் எழுந்த நகராட்சி ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அழிவின் சின்னமும் ஆனந்தத்தின் சின்னமும் எதிரெதிரே நின்றன. இரவு ஆட்டத்துக்கென ஏற்றப்பட்ட விளக்குகளின் ஒளி அந்த எலும்புக்கூடான குவிமாடத்தின்மேலும் விழுந்திருக்க வேண்டும்.

நிறம்

ஆனால் வருமானமும் கட்டடமும் வெற்றியைக் கொண்டுவந்துவிடவில்லை. முதல் மூன்று இடங்களுள் ஒன்றை அடையவே 1968 வரை காத்திருக்க நேர்ந்தது. வசந்தத்தில் நன்றாக ஆடிவிட்டுப் பின்பு சரிந்துபோகும் அணியைப் பார்த்து, மே மாதத்தில் வீடுகளின்மேல் கெண்டைக் கொடிகள் பறக்கும் வரையில்தான் இவர்கள் வேகம் என்று மற்ற ஊரார் சொல்லிவந்தது ஒரு பழமொழிபோல் ஆகிவிட்டது. 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கடைசி இடம்.

அந்த நிலையில், 1975ல், ஜோ லூட்ஸ் என்ற அமெரிக்கரை மானேஜராக நியமித்தார்கள். போராடும் உணர்வின் நிறம் சிவப்பு என்று கருதிய அவர், அதுவரை கருநீலமாயிருந்த தொப்பியையும் தலைக்கவசத்தையும் சிவப்பாக்கினார். அவருடைய ஆட்சி ஏப்ரலைத் தாண்டவில்லை. நடுவரோடு ஏற்பட்ட தகராறொன்றில் அணி நிர்வாகத்தினர் தலையிட்டதைப் பொறுக்காமல் ராஜினாமா செய்துவிட்டார். ஆயினும் சிவப்பு தங்கிவிட்டது. அவருக்குப்பின் வந்த கோபா தகேஷியின் தலைமையில், உள்ளூர்ப் பிள்ளையான யமமோத்தோ கோஜியும் கியோத்தோவில் பிறந்த கினுகாசா சச்சியோவும் மட்டை வீச, அக்டோபர் 15ஆம் தேதி டோக்கியோவின் கொராக்குவென் ஸ்டேடியத்தில், நாட்டின் மிகப் பெரிய அணியான ஜயன்ட்ஸை அதன் சொந்த மண்ணிலேயே வென்று, கார்ப் தன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றது. அணி பிறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தன. குண்டு விழுந்து முப்பது ஆண்டுகள். சில நாட்களுக்குப்பின் அமைதிப் பெருவீதியில் நடந்த ஊர்வலத்தைக் காண லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் படங்களைக் கையிலேந்தி வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். இன்று கார்ப் என்றதும் எல்லோர் மனத்திலும் தோன்றும் சிவப்பு நிறம், குண்டு போட்ட நாட்டிலிருந்து வந்து ஒரு மாதமே மானேஜராயிருந்துபோன மனிதர் விட்டுச்சென்றது. அந்த அணியின் இரும்பு மனிதர் என்று புகழப்பட்ட கினுகாசாவோ, அமெரிக்கச் சிப்பாயாக வந்த கறுப்பினத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். 1970 முதல் 1987 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் 2,215 ஆட்டங்கள் ஆடி, அமெரிக்காவின் லூ கெரிக் நிறுவிய 2,130 என்ற எல்லையைக் கடந்தார். 1979ல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்த மறுநாளே களத்துக்கு வந்து மூன்று பந்துகளையும் முழு வேகத்தோடு வீசித் தவறவிட்டுச் சென்ற அவரை ஹிரோஷிமா தன் சொந்த மகனாகவே கொண்டாடியது. ஆகவே அடையாளம் என்பது கலப்பில்லாத வம்சாவளியில் இருக்கிறது என்ற கொள்கைக்கு இந்த அணியின் சரித்திரத்தில் ஆதாரமில்லை. வெளியிலிருந்து வந்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் சக்தி அந்த நகரத்துக்கு இருந்தது.

1979, 1980, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஜப்பான் தொடரையே கார்ப் வென்றது. 1979ன் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒருவரும் ஆட்டமிழக்காமல் மூன்று பேஸ்களிலும் எதிரணியினர் நிற்க, ஒரே ஓட்டம் முன்னிலையில் இருந்த தம் அணியை எனாட்சு யுத்தாக்கா என்ற பந்தெறிபவர் காத்துக்கொடுத்த அந்த இன்னிங்ஸின் 21 பந்துகளைப் பற்றி ஜப்பானில் இன்றும் பேசுகிறார்கள்.

உடைமை

உடைமையை நோக்குவோம். 'ஜனங்களின் அணி' என்ற புகழ்ச்சியைச் சட்டக் கண்ணால் பார்த்தால் அது அப்படியே நிற்காது. 1968ல் மோட்டார் வாகனத் தொழிலதிபரான மட்சுதா சுனேஜி அணியின் உரிமையாளரானார். அவருடைய தோயோ கோக்யோ நிறுவனமே பிற்காலத்தில் மாஸ்தா என்று பெயர் பூண்டது. மகன் கோஹெய்யும் பேரன் ஹஜிமேயும் அவருக்குப்பின் அப்பதவியை வகித்தார்கள். பங்குகளின் பெரும்பகுதி அந்தக் குடும்பத்திடமும் அந்த நிறுவனத்திடமும் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது சரித்திரத்துக்கு நியாயம் செய்வதாகாது.

ஆயினும் வேறொரு பக்கமும் உண்டு. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் அந்த நிறுவனம் தத்தளித்து, குடும்பத்தின் கையிலிருந்து நிர்வாகமே நழுவிப்போன காலத்திலும் அணி விற்கப்படவில்லை; ஊரும் மாறவில்லை. நிறுவனம் அணியின் நஷ்டத்தை ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாததால், டிக்கெட் விற்றும் சட்டையும் தொப்பியும் விற்றும் அணி தன் காலிலேயே நிற்க வேண்டியிருந்தது. பேர்பெற்ற ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க முடியாத ஸ்தாபனம், இளைஞர்களைக் கண்டெடுத்துக் கடும் பயிற்சியில் வளர்க்கும் வழியை மேற்கொண்டது. 1990ல் டொமினிக்கன் குடியரசில் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் திறந்ததும் இதே சிந்தனையின் விளைவுதான். பின்னாளில் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற அல்ஃபோன்சோ சொரியானோ அந்தப் பள்ளியில் உருவானவர். ஏழ்மை இங்கே ஒரு குணமாக, ஏறத்தாழ ஒரு தர்மமாகவே, மாறியது. காகிதத்தில் சொந்தக்காரர்களாயிருந்தவர்கள், தாங்கள் ஊரின் பொருளுக்குக் காவலர்கள் என்ற கட்டுப்பாட்டுக்குள்ளேயே நடந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை விதித்தது எந்தச் சட்டமுமல்ல, 1951ன் பீப்பாய்.

பிரிவும் மீள்வும்

அந்தத் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருந்தது. 1993ல், நீண்டகாலம் ஆடிய வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற விதி வந்தபின், கார்ப் வளர்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பணக்கார அணிகளுக்குப் போனார்கள். எதோ அகிரா ஜயன்ட்ஸுக்கும், கனேமோத்தோ தோமோஅக்கியும் அராய் தக்காஹிரோவும் ஹான்ஷின் டைகர்ஸுக்கும் சென்றார்கள். 1991ல் கிடைத்த லீக் பட்டத்துக்குப்பின், 1998 முதல் 2012 வரை பதினைந்து ஆண்டுகள், முதல் மூன்று இடங்களை அணி ஒருமுறையேனும் எட்டவில்லை. 2004ல் அணிகளை இணைத்துக் குறைக்கும் முயற்சி எழுந்து ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த அந்த நெருக்கடியான வேளையில், ஹிரோஷிமாவில் பீப்பாய்கள் மறுபடி தெருவுக்கு வந்தன; புதிய ஸ்டேடியத்துக்காகப் பாட்டன் போட்ட இடத்தில் பேரன் காசு போட்டான். ரயில் நிலையத்துக்கு அருகே 2009ல் திறக்கப்பட்ட அந்தப் புல்தரை ஸ்டேடியத்துக்கு மாஸ்தாவின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆட்டக்காரர்களின் விசுவாசமும் அடையாளத்தின் ஒரு கூறென்றால், அதற்கு உரைகல்லாகக் குரோதா ஹிரோக்கியின் கதையைக் கொள்ளலாம். 2006ல் அவர் பிரிந்துபோகக்கூடும் என்றிருந்தபோது, இத்தனை நாள் சேர்ந்து போராடினோம், உமது கண்ணீரை நாங்கள் சுமப்போம் என்ற பொருள்பட ரசிகர்கள் ஒரு பெரிய பதாகையை விரித்தார்கள், அவர் தங்கினார். 2008ல் அமெரிக்கா சென்று டாட்ஜர்ஸுக்கும் யாங்கீஸுக்கும் பந்தெறிந்து பெரும் பொருளீட்டியவர், அங்கே பலமடங்கு ஊதியம் தரச் சித்தமாயிருந்தவர்களை விட்டுவிட்டு 2015ல் ஹிரோஷிமாவுக்குத் திரும்பினார். அதே ஆண்டில் அராயும் திரும்பினார். ஒருகாலத்தில் பிரிந்துபோனவரைத் தூற்றிய ஜனங்கள் அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 10ஆம் தேதி, மீண்டும் டோக்கியோவில், மீண்டும் ஜயன்ட்ஸுக்கு எதிராக, குரோதா எறிந்து வென்ற ஆட்டத்தில், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் பட்டம் வந்தது. அவரும் அராயும் தழுவிக்கொண்டு அழுததை நாடே பார்த்தது. 2017லும் 2018லும் லீக் பட்டம் தொடர்ந்தது.

முடிபு

இதுவரை சோதித்தவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். பெயரை எடுத்துக்கொண்டு போய்விட முடியும். நிறம் அந்நியர் ஒருவர் தந்தது. பங்குப் பத்திரம் ஒரு குடும்பத்தின் பெட்டியில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வந்து போகிறார்கள். அணுகுண்டுக் கோபுரத்துக்கு எதிரே இருந்த பழைய ஸ்டேடியமும் இடிக்கப்பட்டு, வலதுபுற இருக்கைகளின் ஒரு பகுதிதான் நினைவாக விடப்பட்டது. இவற்றுள் எதுவும் தனியே அடையாளத்தைத் தாங்கி நிற்கவில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய கயிறு ஒன்றிருக்கிறது: தமக்கே இல்லாத காலத்தில் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்ற நினைவும், அந்தக் கொடைக்குத் தாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று உரிமையாளரும் ஆட்டக்காரரும் அடுத்த தலைமுறை ரசிகரும் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டதும்தான் அது. அந்தக் கடன் ஒருமுறை தீர்த்து மறந்துவிடும் கடனன்று. தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிக்கிறவர்கள் இல்லாமற்போகும் நாளில், பெயரும் நிறமும் ஸ்டேடியமும் அப்படியே இருந்தாலும் அந்த அணி இராது என்பதே என் துணிபு.

பல்லாண்டுகளாக ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் கார்ப்பின் ஆட்டம் நடைபெறாமலே இருந்தது. 53 ஆண்டுகளுக்குப்பின், 2011ல், அந்த நாளில் அங்கே மீண்டும் ஒரு லீக் ஆட்டம் நடந்தது. குண்டு விழுந்து எழுபதாண்டு நிறைந்த 2015ஆம் ஆண்டு அதே நாளில் கார்ப் வீரர்கள் களமிறங்கியபோது, அத்தனை பேருடைய முதுகிலும் ஒரே எண், 86. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஹிரோஷிமா என்ற ஒரே சொல். எவர் எந்த வீரர் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாத அந்த இரவில், அது யாருடைய அணி என்பதில் அங்கிருந்த எவருக்கும் சந்தேகமிருந்திராது.